வெந்நீர் காட்டிய கடல்

கடலுக்குக் காய்ச்சல் பார்ப்பதுதான் என் வேலை. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் நாகைக் கடலுக்கு நேராக நிற்கும் நானூற்றுப் பன்னிரண்டு குழாய்களைப் பற்றி விளக்கவேண்டி வரும். எனக்கு விளக்குவது பிடிக்காது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு குழாயும் முந்நூறு மீட்டர் ஆழம் வரை இறங்கும். மேல்முனையில் மிதவை, மிதவையின் பக்கத்தில் துளைபோட்ட இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் வெப்பமானி. கடல் மேல்மட்டத்தின் சூடு இருபத்தெட்டரைக்கு மேல் போனால் வெப்பமானி குழாயைத் திறக்கும். அலையின் வேகத்திலேயே அடியாழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அடுப்பைத் தணித்தால் பால் பொங்காது, அவ்வளவுதான். சூடில்லாத கடலில் புயலுக்குச் சாப்பாடு இல்லை. குழாய்கள் வந்த ஆறு வருடமாக ஒரு புயலும் எங்கள் கரையில் ஏறவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குழாய்களை எந்த மனிதக் கையும் திறக்கவோ மூடவோ முடியாது. வங்கக் கடலைச் சுற்றியிருக்கும் நாடுகள் எல்லாம் சேர்ந்து போட்ட உடன்படிக்கை அது. ஒருவர் புயலை இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுவார் என்ற பயம். அதனால் கடலின் கட்டளை மட்டும்தான் செல்லும். கரையில் இருக்கும் கடல் தணிப்பு நிலையத்தில் முதுநிலைப் பொறியாளர் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும் நான், வெப்பமானிகள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிற ஆள்தான்.

ஐப்பசி ஆறாம் தேதி காலை அண்ணன் போன் செய்தான். எங்கள் அப்பா விவசாயச் சங்கத்தில் கொடி பிடித்தவர். எனக்குச் செங்கொடி என்றும் அண்ணனுக்குப் புரட்சிமணி என்றும் பேர் வைத்தார். என் அண்ணனைப் போலச் சாதுவான மனிதனை நான் பார்த்ததில்லை. கடலிலிருந்து இருபது மைல் உள்ளே, கடைமடையில், நான்கு ஏக்கர் வைத்திருக்கிறான். ஆற்றுத் தண்ணீர் அதுவரை வருவதில்லை. மழையை நம்பி நேரடியாக விதைத்த சம்பா.

"கொடி, மழை வருமா வராதா? ஒரே சொல்லா சொல்லு."

"வரணும்ணே."

"வரணும்னு நானே சொல்லிக்குவேன். அதுக்கு ஒரு இஞ்சினியரு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். "வாடைக்காத்து வடகெழக்குலேர்ந்து கெளம்புறப்ப காஞ்ச காத்துண்ணே. நம்ம கடலுக்கு மேல நாலஞ்சு நாளு வருது. கடலு சூடா இருந்தா கீழேருந்து ஆவி ஏறி, காத்தே நனைஞ்சு கனத்துப்போவும். கரைக்கு வந்ததும் கொட்டும். அதான் நம்ம மழை."

"அந்தக் கடலைத்தான் நீங்க ஆற வெக்கிறீங்களே?"

"இருபத்தெட்டரைக்குக் கீழ ஆற விடுறதில்ல. புயல் எழும்பாது, ஆனா மழைக்கு அந்தச் சூடு போதும். எங்க கணக்குல நேத்து உங்க ஊர்ல எட்டு சென்டிமீட்டர் மழை."

"கணக்குல பேஞ்ச தண்ணி வாய்க்கால்ல காணுமே ஆயி."

அவனே தொடர்ந்து பேசினான். "மழை வருஷா வருஷம் கொறைஞ்சு, ரெண்டு வருஷமா சுத்தமா இல்ல. பொறுத்தாச்சு. இந்தப் பயிரும் பத்து நாளுதான் தாங்கும். கருகிடுச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு திருப்பூர் பஸ் ஏறிடுவோம். ஒங்க அண்ணிக்கும் எனக்கும் பனியன் கம்பெனில வேலை பேசியாச்சு. புள்ளைவளுக்கு அங்கயே பள்ளிக்கூடம்."

அண்ணன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஊர் விட்டு ஊர் போவதை அவன் சந்தைக்குப் போவது போலச் சொன்னான்.

அன்று நான் நிலையத்து எண்களை மறுபடி பார்த்தேன். எல்லாக் குழாயும் இருபத்தெட்டு புள்ளி ஏழு, எட்டு என்று ஒழுங்காகச் சொல்லின. செயற்கைக்கோள் படம் மட்டும் கடல் அதைவிடக் குளிர்ந்திருப்பதாகச் சொன்னது. போன வருடமும் இதை எழுதி அனுப்பினேன். செயற்கைக்கோள் கடலின் தோலை மட்டும் தொட்டுப் பார்க்கிறது, அதை நம்ப வேண்டாம் என்று தலைமை அலுவலகம் பதில் போட்டது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

நிலையத்தின் முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடலில் இறக்கி, மொண்டு, வெப்பமானியை விட்டுச் சூடு பார்த்த கித்தான் வாளி ஒன்று வேடிக்கைக்காக அதில் வைக்கப்பட்டிருக்கிறது. மறுநாள் காலை பெட்டியைத் திறந்து அந்த வாளியை எடுத்தேன்.

என் கணவர் மதியரசன் மீனவர். என் புக்ககம் கீழைக்குப்பம், நிலையத்துக்கு அடுத்த ஊர். கரையில் நான் வாளியும் கையுமாகக் கிளம்புவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னிக்கு எங்க கெளம்பிட்ட?"

"கடலுக்கு."

"இன்னிக்கு வேணாம். கடலு சரியில்ல."

கடல் தாம்பாளம் போலக் கிடந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். நான் நிலையத்துப் படகில் ஏறினேன். அவர் எனக்கு முன்பே தன் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

முதல் வாளியை மொண்டபோது வெப்பமானி உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இருபத்து நான்கு புள்ளி ஆறு. மறுபடி மொண்டேன். அதேதான். அந்த நேரத்தில் படகில் இருந்த நிலையத்துத் திரையில் அதே இடம் இருபத்தெட்டு புள்ளி எட்டு. கையை விட்டுப் பார்த்தேன். மார்கழி மாதத்துக் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. இந்தக் கடலுக்கு மேல் எத்தனை நாள் வந்தாலும் காற்று நனையாது. புறப்பட்டபடியே வெறுங்கையோடு வந்து என் அண்ணனின் வயலைத் தாண்டிப் போகும்.

நூற்றுப் பதினேழாம் குழாயில் மூன்று படகுகள் கட்டியிருந்தன. ஒன்றின் பக்கவாட்டில் 'செங்கொடி' என்று எழுதியிருந்தது. கல்யாணம் ஆன வருடம் அவர் ஆசையாக எழுதியது. வெப்பமானிக் கூண்டைச் சுற்றி நனைந்த சாக்கு கட்டியிருந்தது. படகின் எஞ்சினைக் குளிர்வித்து வெளியே வரும் சூடான தண்ணீரை ஒரு ரப்பர் குழாய் வழியாக அந்தச் சாக்குக்குள் விட்டுக்கொண்டிருந்தார் என் கணவர்.

என்னைப் பார்த்ததும் ரப்பர் குழாயைக் கீழே போட்டார். பிறகு எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னங்க பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"வெந்நீர் காட்டுறோம்" என்றார், பேர் கேட்டால் பேர் சொல்வது போல.

வீடு திரும்பியபின் முழுக்கதையும் சொன்னார். குழாய்கள் வந்த முதல் வருடமே நடந்தது. யாரோ மிதவையில் படகைக் கட்டி எஞ்சினை நிறுத்தாமல் வலை இழுத்திருக்கிறார்கள். வெந்நீர் தற்செயலாகக் கூண்டில் விழுந்து குழாய் திறந்துகொண்டது. அடியிலிருந்து வந்த தண்ணீரில் மீனுக்கு இரை இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் கானாங்கெளுத்தி அள்ளி மாளவில்லை. அன்றிலிருந்து கீழைக்குப்பம் ஊர்ப் பஞ்சாயத்து அதை முறையாக்கிவிட்டது. சண்டை வரக்கூடாது என்று குழாய் எண்களைச் சீட்டில் எழுதிக் கோவிலில் குலுக்கிப் போடுவார்கள். இன்னின்ன படகுக்கு இன்னின்ன குழாய். வருடத்துக்கு இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து, இப்போது கரை முழுவதும் வெந்நீர் காட்டுகிறது.

"எனக்குச் சொல்லவே இல்லியே?"

"ஒனக்குத் தெரிஞ்சா ஒன் வேலைக்குச் சங்கடம்னு பஞ்சாயத்துல கட்டுப்பாடு போட்டுட்டாங்க. மெசினுக்குக் கொஞ்சம் வெந்நீர் ஊத்துனா என்னா கெட்டுப்போவும்? கடலு அம்மாம் பெருசு."

"எங்கண்ணன் பயிரு கெட்டுப்போவும்."

காற்று எப்படி நனைகிறது என்று அவருக்கும் பாடம் எடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "மழையாடி போயிட்டிருந்துது?" என்றார். அவரைத் திட்ட நான் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எல்லாம் அதோடு வீணாயின.

மேலிடத்துக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மறுநாளே காவல் படகு வரும், முதல் ஆளாக என் கணவரைப் பிடித்துப் போகும். நான் எழுதவில்லை. பஞ்சாயத்துக்குப் போனேன். கீழைக்குப்பத்தில் பெண்கள் பஞ்சாயத்தில் உட்கார்வதில்லை. நானும் உட்காரவில்லை, கோவில் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினேன். அடுத்தடுத்த ஊர்களின் பஞ்சாயத்தாரையும் தலைவர் தேசிங்கு வரவழைத்திருந்தார்.

"மழை வர எத்தினி நாளு நிறுத்தணும்?" என்று கேட்டார்.

"ஏழெட்டு நாளு மாமா."

"எட்டு நாளு மீன் கெடையாது. அவ்ளோதான? ஊருல சாவு விழுந்தா கடலுக்குப் போவாம இருக்கோம், அப்பிடி நெனைச்சுக்குவோம்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடல் சூடேற மூன்று நாளாயிற்று. நான்காம் நாள் காலை அடிவானத்தில் மேகம் கட்டியது. ஐந்தாம் நாள் கொட்டியது. அண்ணன் வயலில் நின்றபடியே போன் செய்தான். பேச்சைவிட மழைச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

"முட்டி ஆழம் நிக்கிதுடி! பயிரு நிமுந்துடுச்சு! இன்னும் ரெண்டு நனைப்பு, கதிரு வர்றப்ப ஒண்ணு, போதும். திருப்பூர்க்காரனுக்கு வரலன்னு சொல்லிட்டேன்."

ஆறு வருடத்தில் அன்றுதான் என் வேலையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நாள் நீடித்தது.

ஏழாம் நாள் காலை, கிழக்கே அறுநூறு கிலோமீட்டரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. நிலையத்துக் கணினி அதைப் பார்த்துவிட்டு, கடல் இருபத்தெட்டு புள்ளி ஏழுதான், வலுவிழந்துவிடும் என்று சொன்னது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டுகூட ஏற்றவில்லை. நான் வாளியை இறக்கினேன். வாளியும் இருபத்தெட்டு புள்ளி ஏழு என்றது. இரண்டும் ஒத்துப்போனதில் முதலில் நிம்மதியாக இருந்தது. தேநீர் ஒரு வாய் குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது.

அந்தக் கணினிக்கு யாரும் கணக்குச் சொல்லித்தரவில்லை. ஆறு வருடமாக வெப்பமானிகளைப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டது. இருபத்தெட்டு புள்ளி ஏழு என்று பதிவான நாட்களில் ஒரு புயலும் எழும்பவில்லை, ஆகவே அது ஆபத்தில்லாத சூடு என்று முடிவு கட்டியிருந்தது. அந்த நாட்களில் எல்லாம் கடல் உண்மையில் அதைவிடக் குளிர்ந்திருந்தது, கடைசி இரண்டு வருடம் இருபத்து நான்கு, இருபத்தைந்து. புயலைத் தடுத்தது எங்கள் நிலையம் இல்லை. எங்கள் இருபத்தெட்டரை புயலை நிறுத்தவே நிறுத்தாது. ஆறு வருடமாக இந்தக் கரையைக் காப்பாற்றியது சாக்கும் வெந்நீரும்.

தலைமை அலுவலகத்துக்குப் பேசினேன். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"எதை வெச்சு சொல்றீங்க மேடம்?"

"போன வாரம் வாளியில் அளந்தப்போ கடல் இருபத்து நாலுதான் இருந்தது சார்."

"அந்தக் கண்ணாடிப் பெட்டி வாளியா?" சிரிப்பு அவர் குரலில் தெரிந்தது. "எழுதி அனுப்புங்க. நவம்பர் பதினைஞ்சாம் தேதி குழு கூடுது, வைப்போம்."

சாக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது கோழைத்தனம்தான், வேறு பேர் வைக்க மாட்டேன். புயலுக்கு இன்னும் இரண்டரை நாள் இருந்தது. நான் மறுபடி கொட்டகைக்கு ஓடினேன்.

தேசிங்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் நிறுத்துன்ன. இந்த வாரம் ஊத்துங்கிற. மருமவளே, ஒனக்கே தெரியுதா நீ என்னா கேக்குறன்னு? கடலு இரையுது. கெழக்க கருத்துக்கெடக்கு."

"தெரியுது மாமா. ஊத்தலன்னா இந்தக் கொட்டகை இருக்காது."

"எத்தினி குழாய்?"

"எல்லாம்."

என் கணவர்தான் முதலில் எழுந்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "சீட்டுப் போட நேரமில்ல, அவங்கவங்க போன தடவ வந்த குழாய்க்கே போங்க" என்றார். அப்படித்தான் போனார்கள். தகவல் சொல்லி எல்லா ஊரிலிருந்தும் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் படகுகள், ஆளுயர அலையில், மிதவையில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் மாறி மாறி வெந்நீர் காட்டின. கரையில் நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய்கள் மூடாமல் திறந்தே கிடந்தன. கணினிக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

புயல் நூறு கிலோமீட்டர் தள்ளியே உயிர்விட்டது. கரைக்கு வந்தபோது துணி காயப்போடுகிற காற்றுதான் மிச்சம். படகுகள் எல்லாம் திரும்பின. அலை தூக்கியடித்ததில் படகுக்கும் மிதவைக்கும் நடுவே மாட்டி, என் கணவரின் இடதுகையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கணினியின் கணிப்பு மிகச் சரியாக அமைந்ததற்காக.

மழை நின்றுவிட்டது. வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் கேட்டான்: "அடுத்த நனைப்பு எப்ப கொடி?"

அவனிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. வெந்நீர், மீன், மழை, புயல் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தச் சொன்னதும் நான், ஊற்றச் சொன்னதும் நான். இனி ஊற்றாமல் இருந்தால் மழை வரும், புயலும் வரலாம். ஊற்றினால் இரண்டும் வராது.

அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் கொட்டகை வாசலில் நின்றான், அவன் ஊர்க்காரர்கள் இருவரோடு. என் கல்யாணப் பந்தியில் பேச்சு முற்றி எழுந்து போனவன். பதினான்கு வருடமாக இந்த ஊரை மிதிக்காதவன். செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் நேராகத் தேசிங்குவிடம் போனான்.

"குழாய்க்குச் சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்குவீங்களாமே. எங்களுக்கும் ஒரு பங்கு வேணும். கார்த்திகை முடியறதுக்குள்ள பத்து நாளு. அந்தப் பத்து நாளு வெந்நீர் ஊத்தாதீங்க. மிச்ச நாளெல்லாம் நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க."

"பத்து நாளு மீன் போனா போவுது" என்றார் தேசிங்கு. "அந்தப் பத்து நாளுல பெருசா ஒண்ணு வந்துட்டா? ஒன் வயலு இருவது மைல் உள்ள இருக்கு. எங்க வூடு இங்க இருக்கு. கடைசி நேரத்துல ஊத்தி ஒருக்கா நின்னுது. மறுபடியும் நிக்குமா?" என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பொண்ணு. அந்தப் பத்து நாளும் வராதுன்னு நீ சொன்னா சீட்டே வேணாம், குடுத்துடறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட கையோடு என் கணவரும் பார்த்தார்.

அண்ணன்தான் பேசினான். "அவ சொல்ல மாட்டா. அவளுக்கே தெரியாது." தேசிங்கு பக்கம் ஓர் அடி வைத்தான். "ஒண்ணு பண்றோம். அந்தப் பத்து நாளும் எங்க ஊரு இங்க வந்து இருக்கும். பொண்டாட்டி புள்ளைவளோட, ஒங்க வூட்டுத் தாழ்வாரத்துல. வந்தா எல்லாருக்கும் வரட்டும்."

"பயிர யாரு பாப்பா?"

"மழை பாத்துக்கும்."

தேசிங்கு துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப வாங்க" என்றார்.

இன்று அந்தப் பத்து நாளில் ஒன்பதாம் நாள். கார்த்திகை மழை விடாமல் பெய்கிறது. நாற்பத்திரண்டு குடும்பங்கள் கீழைக்குப்பத்தில் இருக்கின்றன. அண்ணி என் அடுப்பில் சமைக்கிறாள். மதியம் நான் வாளியோடு நனைந்து வந்தபோது அண்ணன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ?" என்று கேட்டான்.

"இருபத்தொம்பது புள்ளி ரெண்டு. குழாயெல்லாம் தானா தொறந்தும் ஆறல."

"நல்லதா கெட்டதா?"

"பயிருக்கு நல்லதுண்ணே."

அவன் எழுந்து, தூக்கம் கலையாமல் பிள்ளைகளைப் பாயோடு பிடித்து இழுத்து, கடலைப் பார்த்த பக்கத்திலிருந்து சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டான்.